புல்தரையில் கோரையா? பிடுங்கும் முன் கொஞ்சம் கவனியுங்கள்!

வீட்டு முன்புறம் கொஞ்சம் இடம் கிடைத்தால், கார்பெட் விரித்ததுபோல கொரியன் புல் பதிக்கப் பலருக்கும் ஆசை. ஆனால், ஒரு மழைக்காலம் முடிவதற்குள் நடுநடுவே வேறு புற்கள் தலைகாட்டும். பார்த்ததும் பிடுங்கத்தான் கை போகும். எந்தப் புல் என்று தெரியாமல் பிடுங்கினால் வேலை இரண்டு மடங்காகிவிடும். அடிக்கடி வரும் மூன்று களைகளையும், அவற்றை எடுக்கும் விதத்தையும் பார்ப்போம்.

கோரை

தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். மூன்று பட்டையாகத் தட்டுப்பட்டால் அது கோரை. மண்ணுக்கடியில் இதன் கிழங்குகள் சங்கிலிபோலத் தொடர்ந்து இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கோரைக்கிழங்கு இதுதான். இலையை மட்டும் இழுத்தால் கிழங்கு மண்ணிலேயே தங்கி, மறுபடி முளைக்கும். மண்வெட்டியால் கொத்தினாலோ சங்கிலி அறுந்து, ஒவ்வொரு கிழங்கும் தனிச் செடியாகும். எனவே, தண்ணீர் விட்டு மண்ணை இளக்கி, சிறு களைக்கொத்தால் கிழங்கோடு நெம்பி எடுங்கள். எடுத்ததை உரக்குழியில் போடாமல் வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். மீண்டும் துளிர்த்தால், நாலைந்து இலை விடுவதற்குள் எடுத்துவிடுங்கள். சில மாதங்கள் விடாமல் செய்தால், கிழங்கில் உள்ள சத்து தீர்ந்து அது ஓய்ந்துபோகும்.

அருகம்புல்

பிள்ளையாருக்கு உகந்த இதன் வகைகளையே ‘பெர்முடா’ என்ற பெயரில் புல்தரைக்குப் பதிக்கிறார்கள். கொரியன் புல்லுக்குள் புகுந்தால்தான் தொல்லை. படரும் தண்டின் கணுக்களில் எல்லாம் வேர் விடும் என்பதால், ஒரு கணுவும் தங்காமல் எடுக்க வேண்டும்.

காக்காய்க்கால் புல்

இது விதையால் பரவும். விரல்போல விரியும் கதிர் முற்றுவதற்குள் வேரோடு பிடுங்கிவிட்டால் போதும்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

களை மீது உப்புக் கரைசல் ஊற்றினால் மண்ணே கெட்டுவிடும். கிளைபோசேட் களைக்கொல்லி தெளித்தால், ஆசையாகப் பதித்த புல்லும் சேர்ந்து கருகும். பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் தவிர வேறு யாரும் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2022-ல் மத்திய அரசு அறிவித்தது. குழந்தைகள் உருண்டு விளையாடும் இடம் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

வராமல் தடுக்க...

புல் பதிக்கக் கொண்டுவரும் செம்மண்ணிலும், மக்காத தொழு உரத்திலும்தான் பெரும்பாலும் களைகள் வந்து சேரும். மண் பரப்பியதும் தண்ணீர் தெளித்துக் களைகளை முளைக்கவிட்டு எடுங்கள். இப்படி இரண்டு, மூன்று முறை செய்தபின் புல் பதியுங்கள். வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்காதீர்கள். புல் அடர்த்தியாக இருந்தால், களை முளைக்க இடமே இருக்காது.