வீட்டில் காணும் சிறு பூச்சிகள்: பகை எது, பகையல்லாதது எது?

நீலகிரி ஜில்லாவில், கூடலூர், நடுவட்டம் பக்கங்களில் தென்மேற்குப் பருவமழையின் போதும், குன்னூர், கோத்தகிரி பக்கங்களில் வடகிழக்குப் பருவமழையின் போதும் வீடுகளில் ஈரம் மிகுதியாகத் தங்குகின்றது. அச்சமயம் சுவர்களிலும், காகிதக் கட்டுகளிலும், ஸ்நான அறையிலும் மிகச் சிறிய பூச்சிகள் திரளாகத் தோன்றுவதுண்டு. இவற்றைக் கண்டவுடன், தேயிலைக்கோ உருளைக்கிழங்குக்கோ வாங்கி வைத்த மருந்தை வீட்டினுள் தெளித்தல் பெருந்தவறாகும். பயிருக்கென விற்கப்படும் விஷமருந்து, மூடிய அறையில் குழந்தைகளுக்கும் உணவுப் பண்டங்களுக்கும் கேடு விளைவிக்கும். பூச்சியோ பெரும்பாலும் தீங்கற்றது. ஆகையால் அதனை வெள்ளைக் காகிதத்தில் தட்டி, பூதக்கண்ணாடியால் நோக்கி, இன்னதென அறிதலே முதல் வேலை.

புத்தகப் பேன்.— பெயர் பேன் ஆயினும், இது மனிதரையோ கால்நடைகளையோ கடிப்பதில்லை. நீளம் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர், நிறம் வெளிறியது, தலை பெரிது, உணர்கொம்புகள் நூல் போன்றவை. ஈரத்தில் பூக்கும் பூஞ்சணமே இதன் முக்கிய உணவு. அடங்கல், சிட்டா முதலிய பழைய தஸ்தாவேஜுகளில் இதனைக் காணும் கிராமாதிகாரிகள் கரையான் குஞ்சு என்று அஞ்சவேண்டுவதில்லை. கரையான் மண்கூடு கட்டிக்கொண்டு வரும். காகிதத்தைச் சுரண்டித் தின்பது, வெள்ளிபோல் மின்னி, மூன்று வால்மயிர்களுடன் விரைந்தோடும் இராமபாணப் பூச்சி. புத்தகப் பேன் தோன்றினால், கட்டு ஈரமேறிவிட்டது என்று பொருள். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதத்திற்குக் கீழ் நீடித்திருப்பின், இது உடல் வறண்டு மடியும்.

துள்ளும் நுண்ணுயிர்.— ஜலதாரை ஓரத்திலும் பூந்தொட்டியிலும் துள்ளும் இதனைத் தெள்ளுப்பூச்சி என மயங்குவோர் பலர். தெள்ளு கபில நிறமுடையது, பக்கவாட்டில் தட்டையானது, பின்னங்கால்களால் தாவும், இரத்தம் உறிஞ்சும். இதுவோ மெல்லிய உடலுடையது. வயிற்றின் அடியில் மடங்கிய கவை போன்ற உறுப்பை விடுவித்துத் துள்ளும். மக்கிய இலையையும் பூஞ்சணத்தையும் உண்டு, மண் வளம்பெறத் துணை செய்வது. இக்கால சாஸ்திரிகள் இதனைப் பூச்சியினத்தினின்று தனியே பிரித்து வைக்கின்றனர்.

பொறிவண்டு.— ஜன்னலோரத்தில் சில சமயம் காணப்படும் இச்சிறு வண்டு குடியானவரின் நண்பன். 1928-ம் ஆண்டில் நீலகிரியில் வாட்டில் என்னும் சீகை மரங்களில் ஐசீரியா என்ற பஞ்சுச் செதிற்பூச்சி பரவியிருக்கக் கண்டனர். ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட ரோடோலியா என்னும் சிவந்த பொறிவண்டைப் பின்னர் வரவழைத்து விட்டு, அதனை அடக்கினர். கலிபோர்னியாவின் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களைக் காத்ததும் இவ்வண்டே. எனினும் உருளைக்கிழங்கு, கத்தரி இலைகளைச் சுரண்டும் வண்டு இக்குடும்பத்திலேயே உண்டு. அதன் முதுகு மினுமினுப்பின்றி மெல்லிய மயிரடர்ந்திருக்கும். இவ்வேற்றுமையை அறிந்தபின்னரே கொல்லத் துணிய வேண்டும்.

பரிகாரம்.— மழை ஓய்ந்த நாட்களில் ஜன்னல்களைத் திறந்து வைக்கவும். தஸ்தாவேஜுக் கட்டுகளைச் சுவரில் படாமல், தரையினின்று உயர்த்திய பலகைமேல் அடுக்கி, காற்றாட உலர்த்தவும். கூரை ஒழுக்கையும் ஜலதாரை அடைப்பையும் சீர்செய்யவும். பூந்தொட்டிக்கு நீரைக் குறைக்கவும். தானியங்களை நன்கு உலர்த்தி, இறுக மூடிய பாத்திரங்களில் வைக்கவும். அரிசியில் நீண்ட மூக்குடைய கபில வண்டோ, சேமித்த கிழங்கில் துளையிடும் புழுவோ தென்படின், அவை மெய்யான பகைகள். மாதிரியைச் சீசாவில் அடைத்துத் தோட்டக்கலை அலுவலரிடம் காட்டி ஆலோசனை பெறவும். மற்றவற்றிற்கு உலர்ந்த காற்றே சிறந்த மருந்து. அதற்குச் செலவுமில்லை, அபாயமுமில்லை.