வராதவருக்கு அபராதம் எழுதும் முன்னால்…



அனுமந்தன்பட்டியில் நம் குழு ஒன்றில் ஒரு அக்கா மூன்று வாரம் தொடர்ந்து கூட்டத்துக்கு வரவில்லை. சேமிப்புப் பணத்தை மட்டும் மகளிடம் கொடுத்து அனுப்பினார். நாமும் நோட்டில் "வரவில்லை, அபராதம் 10 ரூபாய்" என்று மூன்று தடவை எழுதினோம். ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

நாலாவது வாரம் ஊக்குநர் அவர் வீட்டுக்கே போனார். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. எங்கோ குண்டு வெடித்த செய்தி டிவியில் ஓடிய வாரம், கூட்டத்தில் ஒருவர் அவர் புர்காவைப் பார்த்து, "உள்ள என்னத்தக்கா ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். மற்றவர்கள் சிரித்திருக்கிறோம்.

"சொன்னவங்க மேல கூட எனக்கு வருத்தமில்ல. பத்து வருசமா ஒண்ணா உக்காந்து காசு எண்ணுன நீங்கள்லாம் சிரிச்சீங்களே, அதுதான் தாங்கல" என்றார் அந்த அக்கா.

ஏன் பெண்கள் மேல் முதலில் விழுகிறது?

ஒரு மதத்தார் மேல் வெறுப்பு கிளம்பினால், பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும் சட்டென்று அடையாளம் தெரிவது பெண்தான். துப்பட்டியோ புர்காவோ போட்டிருப்பதால் சந்தேகப் பார்வையும் குத்தல் பேச்சும் அவர் மேல் விழுகின்றன. அதோடு முடியவில்லை. வீட்டில் சொன்னால் என்ன சொல்வார்கள்? "எதுக்கு வம்பு, வெளிய போகாத." அத்தோடு கூலி வேலை போச்சு, குழுக் கடன் போச்சு, மகளின் படிப்பும் போச்சு. வெளியே ஒருவர் பேசிய பேச்சு, வீட்டுக்குள்ளே கதவைச் சாத்துகிறது.

கர்நாடகத்தில் 2022-இல் நடந்தது இதுதான். கல்லூரிகளில் ஹிஜாப் கூடாது என்றதும் பல மாணவிகள் வகுப்பையும் பரீட்சையையும் இழந்தார்கள். உச்ச நீதிமன்றத்தில் 2022 அக்டோபரில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். போன படிப்பு போனதுதான்.

மேலூரில் நடந்தது

நம் பக்கத்து மதுரை மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2022 பிப்ரவரி 19, நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். மேலூரில் ஒரு வாக்குச்சாவடியில் ஹிஜாப் போட்டு ஓட்டுப் போட வந்த பெண்ணைப் பார்த்து, பாரதிய ஜனதா கட்சியின் முகவர் ஆட்சேபம் செய்தார். தி.மு.க., அ.தி.மு.க. முகவர்கள் உடனே எழுந்து எதிர்த்தார்கள். ஒன்றுக்கொன்று எதிரான கட்சிகள் அவை! கடைசியில் ஆட்சேபித்தவர்தான் வெளியேற்றப்பட்டார். ஓட்டுப்பதிவு தொடர்ந்து நடந்தது.

அங்கே யாரும் பெரிய கூட்டம் கூட்டவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அந்த நேரத்தில் வாயைத் திறந்தார்கள், அவ்வளவுதான். நம் குழுவில் நாம் செய்யத் தவறியதும் அதுதான்.

"அவங்க ஆம்பளைகளே அடக்கி வெக்கிறாங்களே?"

இப்படியும் நம்மில் சிலர் கேட்கிறோம். எந்த வீட்டில் அடக்கவில்லை, சொல்லுங்கள்? வரதட்சணையும் அடியும் எல்லா மதத்திலும் இருக்கின்றன. எதிர்த்து நிற்கும் பெண்களும் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்களுக்கென்றே ஒரு ஜமாத்தைத் தொடங்கி, தலாக், வரதட்சணை வழக்குகளில் பெண்களின் பேச்சைக் கேட்க வைத்தார். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக 1989-இல் அமர்ந்தவர் பாத்திமா பீவி. பிறகு நம் தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தார். அவர்கள் போராட்டத்தை அவர்களே நடத்துவார்கள். நம் வேலை கூட நிற்பது. கேலி செய்வது அல்ல.

குழுவில் நாம் என்ன செய்யலாம்?

• ஒருவர் இரண்டு கூட்டம் வராவிட்டால், அபராதம் எழுதும் முன் இருவர் வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும்.

• கணவர் இறந்தால் முஸ்லிம் பெண்கள் நான்கு மாதம் பத்து நாள் 'இத்தா' இருப்பார்கள். அந்த நாட்களில் சேமிப்பையும் தவணையையும் வீட்டிலேயே வாங்கி ரசீது கொடுங்கள். கடை கண்ணிக்குப் போய்வர ஆள் வேண்டுமா என்று கேளுங்கள்.

• நோன்பு மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்தில் கூட்டம் வைக்காதீர்கள். பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் நேரம் பார்க்கிறோமே, அதுபோலத்தான்.

• வாட்ஸ்அப்பில் ஒரு மதத்தாரைப் பற்றி வரும் செய்தியை உண்மையா என்று தெரியாமல் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

• ஏலத்தோட்டத்து ஜீப்பிலோ பஸ்ஸிலோ யாராவது குத்திப் பேசினால், பேசியவரோடு சண்டைக்குப் போக வேண்டாம். அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்காருங்கள். "வாங்கக்கா, எங்க போறீங்க?" என்று பேச்சுக் கொடுங்கள். தனியாக இல்லை என்ற தைரியம் அவருக்கு வரும்.

• தொல்லை எல்லை மீறினால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். சொல்லாலோ சைகையாலோ பெண்ணின் மானத்தை அவமதிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 79-ஆம் பிரிவில் குற்றம். மதத்தைச் சொல்லிப் பகையை மூட்டுவது 196-ஆம் பிரிவில் குற்றம்.

• சிறுபான்மையினர் குழுக்கள் 'டாம்கோ' கடன் பற்றி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள சிறுபான்மையினர் நலப் பிரிவில் விசாரிக்கலாம். ஆதரவற்ற, கணவரை இழந்த முஸ்லிம் பெண்களுக்கு உதவும் சங்கம் பற்றியும் அங்கே கேளுங்கள்.

அந்த அக்கா வந்தாரா?

அடுத்த கூட்டத்தை அவர் வீட்டுத் திண்ணையிலேயே வைத்தோம். கேலி பேசியவர் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். சிரித்தவர்களும் கேட்டோம். மூன்று அபராதத்தையும் அடித்துவிட்டு, "தவறு குழுவினுடையது" என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அக்கா டீ போட்டுக் கொடுத்தார். ஆனால் உடனே சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். இப்போது வருகிறார், கதவோரமாக உட்காருகிறார். முன்போல நடுவில் உட்கார இன்னும் கொஞ்ச நாள் ஆகும். அதுவரை நாம்தான் நகர்ந்து அவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

உங்கள் குழுவில் வராமல் நின்றுபோனவர் யார்? அடுத்த கூட்டத்தில் வருகைப் பதிவேட்டை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள்.