சோளத்தட்டை லாரி



நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரங்களில் லாரிக்கு 'பாடி' கட்டும் பட்டறைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பட்டறைக்கு வெளியே, வேப்ப மரத்தடியில், ஆறு வயதுச் சிறுவன் ஒருவனும் லாரி கட்டிக்கொண்டிருப்பான். அவனிடம் இரும்பு இல்லை, சோளத்தட்டை உண்டு. டயர் இல்லை, தேய்ந்த ரப்பர் செருப்பிலிருந்து அண்ணன் வெட்டிக்கொடுத்த நான்கு வட்டங்கள் உண்டு. சக்கரம் சாய்ந்தால் அச்சுக் குச்சியை மாற்றுகிறான். மீண்டும் சாய்ந்தால் ஒரு துண்டைச் செருகிப் பார்க்கிறான். கடைசியில் லாரி ஓடுகிறது!

அதே சிறுவன் மறுநாள் வகுப்பில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறான். சொன்னதைத் திருப்பிச் சொல்கிறான். 'ஏன்?' என்று ஒரு முறைகூடக் கேட்பதில்லை. மரத்தடியில் இருந்த புத்தி வகுப்பறையில் எங்கே போயிற்று?

விரியும் சிந்தனை, குவியும் சிந்தனை

அமெரிக்க உளவியல் அறிஞர் ஜே. பி. கில்ஃபோர்டு 1950-ஆம் ஆண்டில் படைப்பாற்றலைப் பற்றிப் புகழ்பெற்ற சொற்பொழிவு ஒன்றை ஆற்றினார். பின்னர் அவர் சிந்தனையில் இரு வகைகளைப் பிரித்துக் காட்டினார். '7-உம் 5-உம் சேர்ந்தால் எவ்வளவு?' என்ற கேள்விக்கு ஒரே விடைதான். இது குவி சிந்தனை. 'எந்த இரண்டு எண்களைக் கூட்டினால் 12 வரும்?' என்று கேட்டுப் பாருங்கள். 7-உம் 5-உம், 11-உம் 1-உம், ஆறரையும் ஐந்தரையும் என்று விடைகள் வளர்ந்துகொண்டே போகும். இது விரி சிந்தனை.

இரண்டும் வேண்டும். நம் சிறுவன் பல வழிகளை நினைத்தது விரி சிந்தனை. ஓடும் வழியைத் தேர்ந்தெடுத்தது குவி சிந்தனை. வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்வதும் தவறில்லை. கணக்குப் போட அது உதவும். ஆனால் மனப்பாடத்தோடு நின்றுவிடுவது, விதை நெல்லைக் குதிரில் பூட்டி வைத்துவிட்டு விளைச்சலை எதிர்பார்ப்பது போன்றது.

கை முன்னே, சொல் பின்னே

ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே அளவுள்ள இரண்டு டம்ளர்களில் சமமாகத் தண்ணீர் ஊற்றி, ஐந்து வயதுத் தம்பியிடமோ தங்கையிடமோ காட்டுங்கள். 'சமம்' என்று சொல்வார்கள். அவர்கள் பார்க்கும்போதே ஒரு டம்ளர் தண்ணீரை உயரமான, ஒடுங்கிய பாத்திரத்தில் ஊற்றுங்கள். இப்போது எதில் அதிகம்? பெரும்பாலும் உயரமான பாத்திரத்தைத்தான் காட்டுவார்கள்!

சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே செய்து காட்டிய சோதனை இது. குழந்தையின் மூளை குறைபட்டதன்று. வேறு விதமாகச் சிந்திக்கிறது, அவ்வளவுதான். 'இரண்டும் சமம்' என்று அதட்டிச் சொல்ல வைத்தால் சொல்லும்; ஆனால் நம்பாது. மாற்றி மாற்றித் தானே ஊற்றிப் பார்த்தால் ஒருநாள் தானாகவே புரிந்துகொள்ளும். 1939-ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரும், குழந்தை கையால் பொருள்களைக் கையாண்டு கற்க வேண்டும் என்றே வலியுறுத்தினார்.

நம் ஊர் வகுப்பறைகளில்

2003-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. அதற்குத் தூண்டுகோலாக இருந்தவர் அன்றைய மாநகராட்சி ஆணையர் எம். பி. விஜயகுமார். ஆந்திராவின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் உருவான அட்டை முறை இதற்கு முன்மாதிரி. 2007-08 கல்வியாண்டில் சேலம், நாமக்கல் உள்பட மாநிலம் முழுவதும் இது பரவியது.

அந்த வகுப்பறை எப்படி இருந்தது? பெஞ்சுகள் இல்லை, பாய் விரிப்பு. ஆசிரியரும் தரையில் அமர்ந்தார். சுவரின் அடிப்பகுதியில், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. ஒவ்வொரு பாடமும் சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு ஓர் ஏணிபோல் அமைந்திருந்தது. குழந்தை தன் படி எது என்று தானே பார்த்து, தட்டிலிருந்து அட்டையை எடுத்து, மணியோ குச்சியோ வைத்துக் கணக்கைச் செய்து பார்க்கும். மெதுவாகக் கற்பவன் மெதுவாக ஏறலாம். சில நாள் பள்ளிக்கு வராதவன் விட்ட படியிலிருந்து தொடரலாம்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஒரே அறையில் பலரும் பல படிகளில் நிற்கும்போது ஆசிரியருக்கு வேலைப்பளு மிகும். அடுத்தவர் அட்டையைப் பார்த்து எழுதினால் அதுவும் பழைய மனப்பாடமே! பின்னர் இம்முறை எளிமையாக்கப்பட்டது. கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பித்தது. முறைகள் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான்: கற்பவர் குழந்தை, அதன் கைக்கும் கேள்விக்கும் இடம் வேண்டும்.

நீங்கள் செய்யலாம்

ஒரு டம்ளர் தண்ணீரில் கோழி முட்டையைப் போடுங்கள். புது முட்டை மூழ்கும். 'கையால் தொடாமல் இதை மேலே கொண்டுவர முடியுமா?' என்று வீட்டுக் குழந்தையிடம் கேளுங்கள். விடையைச் சொல்லிவிடாதீர்கள்! கரண்டியால் தூக்கலாம் என்பாள். அடியில் மணல் போடலாம் என்பாள். எதையும் 'தப்பு' என்று சொல்லாமல் செய்து பார்க்க விடுங்கள். பிறகு உப்பைக் கரண்டி கரண்டியாகக் கரைக்கச் சொல்லுங்கள். உப்பு நீரின் அடர்த்தி முட்டையின் அடர்த்தியை மிஞ்சியதும் முட்டை மிதக்கும்! அப்போது அவள் முகத்தைப் பாருங்கள். 'ஏன்?' என்ற கேள்வி தானாக வரும்.

மதிப்பெண்ணுக்குப் பெயர்பெற்ற வட்டாரம் நம்முடையது. தேர்வுக்குப் படிக்கும் உங்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க நேரமில்லாமல் இருக்கலாம். வீட்டில் இருக்கும் சின்னவர்களிடமாவது அது வாடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்களுக்கும் ஒரு கேள்வி: உப்பே போடாத வெறும் தண்ணீரில் ஒரு முட்டை மிதந்தால், அந்த முட்டைக்குள் என்ன நடந்திருக்கும்? புத்தகத்தைத் திறக்கும் முன் கொஞ்சம் யோசியுங்கள்!