அரங்கும் திரையும்

நாடகமும் திரைப்படமும் உடன்பிறந்த கலைகள்போலத் தோன்றும். எனினும், அவற்றின் இயல்பு வேறு வேறு. அரங்கில் நிகழும் நாடகத்தை மக்கள் தத்தம் இருக்கையிலிருந்தே காண்பர். திரையிலோ படக்கருவியே காண்போரின் கண்ணாகிறது. அது மலைமுகட்டுக்கும் செல்லும், விழியோரத்து நீர்த்துளியையும் காட்டும். ஆதலின், புகழ்பெற்ற இசைநாடகம் ஒன்றை உள்ளவாறே படம் பிடித்தால் அது நல்ல படமாகிவிடாது. இவ்வுண்மையை ஓர் எடுத்துக்காட்டால் அறிவோம்.

1959ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ என்னும் இசைநாடகம் அரங்கேறியது. ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் இசையமைத்தார். ஆஸ்கார் ஹாமர்ஸ்டைன் பாடல்களை இயற்றினார். துறவு மடத்திலிருந்த மரியா என்னும் இளம்பெண், தாயற்ற குழந்தைகள் எழுவரை வளர்க்கச் சென்று, இசையால் அவர்கள் உள்ளத்தைக் கவர்ந்த வரலாறே அதன் கதை. ஆஸ்திரியாவை ஜெர்மானிய நாட்சிகள் கைப்பற்றிய 1938ஆம் ஆண்டையொட்டி அது நிகழ்கிறது. ராபர்ட் வைஸ் இயக்கத்தில் இந்நாடகம் 1965இல் திரைப்படமாயிற்று. திரைக்கதையை எர்னஸ்ட் லேமன் எழுதினார்.

அரங்கில் மலையைச் சித்திரமாகவே காட்ட இயலும். படமோ ஆல்ப்ஸ் மலைகளை வானிலிருந்து காட்டித் தொடங்குகிறது. மரியா வாய் திறக்குமுன்பே அவள் நேசிக்கும் உலகம் நம் கண்முன் விரிந்துவிடுகிறது. ஏழு சுரங்களைக் கற்பிக்கும் பாட்டை எண்ணுங்கள். அரங்கில் அது வீட்டின் அறைக்குள் பாடப்பெற்றது. படத்தில் அது புல்வெளியில் தொடங்கிச் சால்ஸ்பர்க் நகரின் வீதிகளிலும் பூங்காவிலும் தொடர்கிறது. ஒரே பாட்டுக்குள் நாள்கள் பல கழிந்து, குழந்தைகளின் அச்சம் நீங்கி அன்பு வளர்வதை நாம் காண்கிறோம்.

சில பாடல்கள் இடம் மாறின. தனக்கு விருப்பமான பொருள்களை எண்ணித் துயர் மறக்கும் பாட்டை, அரங்கில் மரியா மடத்துத் தலைவியுடன் பாடினாள். படத்திலோ இடியோசைக்கு அஞ்சி ஓடிவந்த குழந்தைகளைத் தேற்ற அதனைப் பாடுகிறாள். சொல்லும் இசையும் அவையே. பாடும் தேவை மட்டும் மிகுந்தது.

மூன்று பாடல்கள் நீக்கப்பட்டன. இரண்டு புதியன சேர்ந்தன. ஹாமர்ஸ்டைன் 1960இலேயே மறைந்துவிட்டமையால், அவற்றின் சொற்களையும் ராட்ஜர்ஸே எழுதினார். தம் நண்பர் எழுதிய காதற்பாட்டு ஒன்றுக்கு மாற்றாகத் தாமே வேறொன்று தந்தார்.

இம்மாற்றங்களால் இழப்பு இல்லையோ எனின், உண்டு. நீக்கிய பாடல்களுள் ஒன்று, வலியவர்க்குப் பணிந்து வாழ்வதா, எதிர்த்து நிற்பதா என்னும் வழக்கைப் பற்றியது. நாடகத்தில், குழந்தைகளின் தந்தையாகிய கப்பற்படைத் தலைவரும் அவர் மணக்கவிருந்த சீமாட்டியும் பிரிவதற்கு அக்கருத்து வேறுபாடே காரணம். படத்தில் அவர் மரியாவின்பால் கொண்ட காதலே காரணமாகிறது. கதை கனிவு பெற்றது. அதன் கூர்மை சற்றே மழுங்கியது.

அப்படம் சிறந்த படத்துக்குரியது உட்பட ஐந்து ஆஸ்கார் பரிசுகளைப் பெற்றது. ஒரு கலைப்படைப்பை வேறொரு கலைக்கு மாற்றுவோர் அதன் உயிர் எது, உடை எது என முதலில் தெளிதல் வேண்டும். உடையை மாற்றலாம், உயிரைத் தொடும்போதோ பெறுவது இன்னது, இழப்பது இன்னது என நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.