பல் இம்ப்ளான்ட்: டைட்டானியமா, செராமிக்கா?

"பல்லுப் போனால் சொல்லுப் போச்சு" என்பார்கள் எமது பெரியவர்கள். சொல் மட்டுமா? சாப்பாடும் சிரிப்பும் கூடவே போய்விடுகின்றன. இழந்த பல்லின் இடத்தில், தாடை எலும்பினுள் ஒரு செயற்கை வேரைப் பதித்து அதன்மேல் பல் கட்டுவதைத்தான் இம்ப்ளான்ட் என்கிறோம். ஜேர்மனியில் இப்படி ஒரு பல் வைக்க இரண்டாயிரம் யூரோவுக்கு மேல் செலவாவது சாதாரணம். இவ்வளவு பணம் கொடுக்குமுன், வாயில் என்ன வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்திருப்பது நல்லதல்லவா?

டைட்டானியம்

1952இல் சுவீடனைச் சேர்ந்த பேராசிரியர் பிரோனமார்க், முயலின் கால் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்க முயன்றார். முடியவில்லை. எலும்பு அதனுடன் ஒட்டி வளர்ந்திருந்தது! 1965இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு டைட்டானியப் பல்வேர்களைப் பதித்தார். காற்றுப் பட்டவுடனேயே இந்த உலோகத்தின் மேல் மெல்லிய ஒக்சைட்டுப் படலம் உண்டாகிறது. உடல் அதை எதிர்ப்பதில்லை.

இன்று வைக்கப்படும் இம்ப்ளான்ட்களில் மிகப் பெரும்பான்மையானவை டைட்டானியமே. வேர் ஒரு துண்டு, மேற்பகுதி வேறொரு துண்டு எனத் திருகாணியால் பூட்டப்படுவதால், பல்லின் சாய்வைத் திருத்தலாம். மேற்பகுதி பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். குறை என்னவென்றால், முரசு மெல்லியதாக உள்ளவர்களுக்கு முன்பல்லில் சாம்பல் நிறம் தெரியக்கூடும்.

செராமிக்

ஜேர்மனியிலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1970களில் தூபிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வில்லி ஷுல்ட அலுமினிய ஒக்சைட்டுச் செராமிக்கினால் இம்ப்ளான்ட் செய்தார். ஆனால் அந்தச் செராமிக் உடையக்கூடியது. அதன் அடுத்த தலைமுறை டைட்டானியத்துக்கு மாறியது.

இப்போது வருவது சிர்கோனியா என்னும் வேறு வகைச் செராமிக். முன்னையதை விட மிகவும் உறுதியானது, பல்லைப் போல வெண்மையானது, எலும்புடனும் நன்றாக ஒட்டுகிறது. ஆயினும் உலோகத்தைப் போல வளைந்து கொடுக்காது. அளவு மீறிய அழுத்தம் வந்தால் உடையும். இரவில் பல் நெருடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒற்றைத் துண்டாக வரும் சிர்கோனியா வேரின் தலை வெளியே நிற்பதால், எலும்பு ஒட்டும்வரை அதில் கடிபடாமல் பார்க்க வேண்டும். இரண்டு துண்டு வகைகளும் வந்துவிட்டன. ஆனால் டைட்டானியத்துக்கு இருப்பது போன்ற பல பத்தாண்டு அனுபவம் அவற்றுக்கு இல்லை.

ஒவ்வாமை பற்றிய பயம்

மலிவு நகை போட்டால் சொறி வருகிறதே, டைட்டானியம் ஒத்துவருமா என்று பலர் கேட்கிறார்கள். அந்தச் சொறிக்குப் பெரும்பாலும் நிக்கலே காரணம். டைட்டானியத்துக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது. ஆகவே பயத்தினால் மட்டும் கூடிய விலை கொடுக்கத் தேவையில்லை.

பொருளை விட முக்கியமானவை

எந்தப் பொருளானாலும் முரசு அழற்சி வந்தால் எலும்பு கரைந்து இம்ப்ளான்ட் ஆடத் தொடங்கும். எம்மவரிடையே நீரிழிவு அதிகம். சீனி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் புண் ஆறுவதும் எலும்பு ஒட்டுவதும் தாமதமாகும். புகைத்தலும் பெரிய எதிரி. எலும்புத் தேய்வுக்கு மருந்து எடுப்பவர்கள் அதைப் பல் வைத்தியரிடம் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மலிவாகச் செய்துவிடலாம் என்று எண்ணுவோரும் உண்டு. எலும்பு ஒட்டுவதற்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதங்கள் தேவை. நாலு கிழமை விடுமுறையில் எல்லாம் முடியாது. எங்கே செய்தாலும், இம்ப்ளான்டின் தயாரிப்பாளர் பெயர், வகை, அளவு, தொடரிலக்கம் குறிக்கப்பட்ட அட்டையை வாங்கி வையுங்கள். பின்னாளில் ஒரு திருகாணி மாற்றுவதற்குக்கூட அந்த விபரம் வேண்டும்.

காப்புறுதி என்ன தரும்?

அரச கிராங்கன்காச, மிக அரிதான சில நிலைகளைத் தவிர, இம்ப்ளான்ட் பதிப்பதற்குப் பணம் தராது. ஆனால் அதன்மேல் கட்டும் பல்லுக்கு நிலையான உதவித்தொகை உண்டு. 2020 ஒக்டோபர் முதல் இது சாதாரண சிகிச்சைச் செலவின் 60 வீதம். போனஸ்ஹெஃப்டில் ஐந்து வருடம் தவறாமல் பதிவிருந்தால் 70 வீதம், பத்து வருடமானால் 75 வீதம். இது உங்கள் முழுப் பில்லின் வீதம் அல்ல என்பதை மறக்க வேண்டாம். டைட்டானியமோ செராமிக்கோ, தொகை ஒன்றுதான். வருமானம் குறைந்தவர்கள் ஹெர்ட்டபால் விதியின் கீழ் கூடுதல் உதவி கேட்கலாம். சிகிச்சை தொடங்குமுன் ஹைல் உண்ட் கோஸ்டன்பிளான் காப்புறுதிக்குப் போயிருக்க வேண்டும்.

பொதுவாகச் சொன்னால், கடைவாய்ப் பல்லுக்கு டைட்டானியம் நம்பிக்கையான தெரிவு. முரசு மெல்லியவர்களுக்கு முன்பல்லில் சிர்கோனியா பற்றிக் கேட்டுப் பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் இன்னொரு வைத்தியரின் கருத்தையும் பெறுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வருடாந்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். சொந்தப் பல்லுக்கு நிகரான பல் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை!