ஐந்நூற்றொரு ரூபாயும் ஆறு பைட்டும்

சென்ற பொங்கல் விழாவுக்குச் சில நாட்கள் முன்பு, எழுபத்தெட்டு வயது அம்மாள் ஒருவர் தம் மகளுடன் நம் சங்க அலுவலகத்துக்கு வந்திருந்தார். கணவர் காலமாகி ஒரு வருஷம் ஆகிறது. "அவர் அந்தக் காலத்திலேயே ஆயுள் சந்தா கட்டினார் தம்பி, குடும்பத்துக்கும் சேர்த்து. ரசீதுதான் எங்கேயோ போய்விட்டது" என்றார்.

பேரேட்டில் அவர் பெயர் இல்லை. "அதனால் என்னம்மா, இப்போதே சேர்த்துக்கொள்கிறோம், பணம் வேண்டாம்" என்றார் செயலாளர். அம்மாள் ஒப்பவில்லை. "இனாமாக வேண்டாம். அவர் கட்டியிருக்கிறார். நன்றாகப் பாருங்கள்."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் 1994 முதல் 1999 வரை நம் சங்கத்தில் பேரேடு என்று ஒன்று கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டரில்தான். அதற்குக் காரணம் அடியேன்.

அப்போது ரயில்வே வேலை முடிந்து மாலையில் டர்போ பாஸ்கல் கற்றுக்கொண்டிருந்தேன். ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க் எழுதி, போர்லண்ட் கம்பெனி 1983-ல் வெளியிட்ட கம்பைலர் அது. நான் பயன்படுத்தியது 1992-ல் வந்த 7.0. கற்றவன் சும்மா இருப்பானா? உறுப்பினர் பட்டியலுக்கு ஒரு புரோகிராம் எழுதி, பேரேட்டை மூடச் சொல்லிவிட்டேன். 1998-ல் எனக்கு மாற்றல் வந்தது. அடுத்த வருஷம் சங்கத்துக்குப் புதிய பென்டியம் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். உடனே ஒரு கடிதம்: "புரோகிராம் ஓடவில்லை. ரன்டைம் எரர் 200, டிவிஷன் பை ஜீரோ என்கிறது." என் புரோகிராமில் வகுத்தல் கணக்கே கிடையாது! ஃபிளாப்பி கெட்டிருக்கும் என்று பதில் எழுதிவிட்டு மறந்தேன். அவர்களும் மறுபடி நோட்டுப் புத்தகத்துக்குப் போய்விட்டார்கள்.

நல்லவேளை, ஃபிளாப்பிகளை நான் எறியவில்லை. இரண்டில் ஒன்று பூஞ்சை பிடித்திருந்தது. மற்றொன்றை யுஎஸ்பி டிரைவில் போட்டேன். கரகரவென்று முனகிவிட்டுப் படித்தது. அதில் மூன்று இருந்தன: புரோகிராம், அதன் மூலவரிகள், உறுப்பினர் விவர ஃபைல்.

புரோகிராமைத் தட்டினால், இந்தக் கம்ப்யூட்டரில் ஓடாது என்று விண்டோஸ் கைவிரித்தது. டர்போ பாஸ்கல் உண்டாக்குவது 16 பிட் புரோகிராம். 64 பிட் விண்டோஸில் அதை ஓட்டும் ஏற்பாடே கிடையாது. 2021-ல் வந்த விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பும் இல்லை. மீட்டர் கேஜ் பெட்டியை பிராட் கேஜ் தண்டவாளத்தில் ஏற்றப் பார்த்த கதைதான்.

சரி, மூலவரிகள் இருக்கின்றனவே என்று ஃப்ரீ பாஸ்கல் என்ற இன்றைய இலவச கம்பைலரில் கொடுத்தேன். மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. ஓட்டினால் முதல் உறுப்பினர் பெயர் சரியாக வந்தது. எதிரே தொகை அர்த்தமில்லாத எண். இரண்டாவது பெயருக்குத் தலையைக் காணோம். பத்தாவதில் வெறும் கிறுக்கல்.

இரண்டு ராத்திரி மண்டையை உடைத்துக்கொண்டேன். சந்தாத் தொகையை 'ரியல்' என்ற வகையில் வைத்திருந்தேன். டர்போ பாஸ்கலில் ரியல் என்றால் 6 பைட். இன்றைய கம்பைலருக்கு அதே சொல் 8 பைட். ஆளுக்கு இரண்டு பைட் கூடுதலாக விழுங்கிக்கொண்டே போனால் வரிசை என்னாவது? ஸ்லீப்பர் இடைவெளியில் சிறு பிசகு என்றாலும், நூறாவது ஸ்லீப்பர் எங்கே போய் நிற்கும் என்று எங்கள் கேங்மேனுக்குத் தெரியும்.

ஆகவே பழைய கம்பைலரையே எழுப்ப வேண்டியதாயிற்று. இதற்கு டாஸ்பாக்ஸ் என்று ஒரு இலவச மென்பொருள் 2002 முதல் இருக்கிறது. இன்றைய கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய டாஸ் கம்ப்யூட்டரைப் போல நடித்துக்காட்டும். பிராட் கேஜ் வேகனின் மேல் தண்டவாளம் பதித்து மீட்டர் கேஜ் பெட்டியை ஏற்றி அனுப்புவோமே, அந்த மாதிரி. 'மௌண்ட்' என்ற ஓர் ஆணையால் நம் ஃபோல்டரை அதற்கு 'சி' டிரைவாகக் காட்டினால் போதும். அந்த நீலத் திரை வந்து நின்றபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, கண் கலங்கிவிட்டது.

டாஸ்பாக்ஸில் வேகத்தையும் நாமே கூட்டிக் குறைக்கலாம். அப்போதுதான் 1999-ன் மர்மமும் விளங்கிற்று. திரையைக் கையாள டர்போ பாஸ்கலில் 'சிஆர்டி' என்றொரு பகுதி உண்டு. நம் புரோகிராமின் முதல் வரிக்கு முன்பே அது கம்ப்யூட்டரின் வேகத்தை அளக்கும். கடிகாரத்தின் ஒரு துடிப்பில், அதாவது சுமார் 55 மில்லி செகண்டில், எத்தனை சுற்று சுற்ற முடிகிறது என்று எண்ணி, 55-ஆல் வகுக்கும். விடை 16 பிட்டில், அதாவது 65,535-க்குள், அடங்க வேண்டும். பென்டியம் வேகத்தில் அது அடங்கவில்லை. விடை பெரிதானாலும் பூஜ்யத்தால் வகுத்தாலும் பிராசஸர் எழுப்பும் கூக்குரல் ஒன்றேதான். கம்பைலர் அதைப் பூஜ்யம் என்று மொழிபெயர்த்துவிட்டது. ஃபிளாப்பியின் மேல் தவறே இல்லை. ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்திருந்தால் அன்றைக்கே பிடித்திருக்கலாம்; யாரோ ஒருவர் இன்று படியேறி வந்திருக்க வேண்டாம்.

பழைய கம்பைலரிலேயே பத்துப் பன்னிரண்டு வரியில் ஒரு சின்னப் புரோகிராம் எழுதி, முழுப் பட்டியலையும் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக இறக்கினேன். இனி எந்த கம்பைலரின் தயவும் வேண்டாம். இரண்டு பிரதி அச்செடுத்து பீரோவிலும் வைத்தாயிற்று. உங்கள் வீட்டில் பிள்ளைகள் கல்லூரியில் டர்போ சி-யில் எழுதிய பழைய புராஜெக்டுகள் கிடந்தால், ஓடும் ஃபைலை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். மூலவரிகளையும் தேடி வையுங்கள். அவை இல்லாவிட்டால் அந்த ஆறு பைட் விஷயம் எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

அம்மாளின் கணவர் பெயர் இருந்தது. 1995, ஆயுள் சந்தா, 501 ரூபாய், ரசீது எண்ணுடன். மனைவி பெயரும் கீழே இருந்தது. வீட்டுக்கே போய் அந்தத் தாளைக் கொடுத்தேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, விரல் வைத்து மெதுவாகப் படித்தார். வெகுநேரம் பேசவில்லை.

பிறகு நிமிர்ந்து, "என் பெயரில் ஒரு எழுத்தைத் தப்பாகப் போட்டிருக்கிறீர்களே தம்பி" என்றார். தட்டியது நான்தான். திருத்திக் கொடுத்தேன்.