மேற்படிப்புக்கு ஆயத்தமாதல்: நிதி விண்ணப்பம் முதல் குடிபெயர்வு வரை

இளங்கலைப் பட்டம் பெற்ற மாணவர் முதுகலைப் படிப்பிலோ முனைவர் பட்ட ஆய்விலோ சேர்வதற்கு முன் செய்து முடிக்க வேண்டிய பணிகளின் தொகுப்பே மேற்படிப்பு ஆயத்தம் ஆகும். படிப்பைத் தேர்ந்தெடுத்தல், நுழைவுத்தேர்வு எழுதுதல், சான்றிதழ்களைத் திரட்டுதல், நிதி தேடுதல், புதிய ஊருக்குக் குடிபெயர்தல் என்று இதனை ஐந்து படிகளாகப் பிரிக்கலாம். ஒரு படியில் ஏற்படும் தாமதம் அடுத்த படியையும் பாதிக்கும் என்பதால், இவற்றை ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே தொடங்க வேண்டும்.

இக்கட்டுரை செஞ்சிப் பகுதி மாணவரை எடுத்துக்காட்டாகக் கொண்டு எழுதப்பட்டது. செஞ்சி, விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே அமைந்த கோட்டை நகரம். ஊரில் ரயில் நிலையம் இல்லை. கல்லூரிக்காகத் திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை ஆகிய ஊர்களுக்குப் பேருந்தில் சென்று வரும் மாணவர்கள் பலர். வீட்டின் முதல் பட்டதாரிகளும் அவர்களுள் உண்டு. பெருநகர மாணவர் அக்கம்பக்கத்தில் கேட்டே தெரிந்துகொள்ளும் செய்திகள் இவர்களுக்கு எளிதில் எட்டுவதில்லை. மதிப்பெண் இருந்தும் கடைசித் தேதி தெரியாததால் ஓராண்டு வீணாவதும், தெரியாமல் வாங்கிய கடனுக்காக நிலம் கைமாறுவதும் தவிர்க்கக்கூடியவை.

முன்னோடி எடுத்துக்காட்டு: இராமானுஜன்

கணித மேதை சீனிவாச இராமானுஜனின் வாழ்க்கையில் இந்தப் படிகளுள் சிலவற்றைக் காணலாம். 1910இல் அவர் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்துத் திருக்கோவிலூருக்குச் சென்று, அங்கே துணை ஆட்சியராக இருந்த வி. இராமசாமி ஐயரிடம் தம் குறிப்பேடுகளைக் காட்டினார். செஞ்சியும் அப்போது அதே மாவட்டத்தில்தான் இருந்தது. இராமசாமி ஐயர் கொடுத்த அறிமுகக் கடிதங்கள் அவரைச் சென்னையிலிருந்த கணித அறிஞர்களிடம் கொண்டு சேர்த்தன. 1912இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது.

1914 மார்ச் 17 அன்று அவர் கப்பலேறியபோது பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு ஒதுக்கியிருந்தது. பயணச் செலவும் உடைச் செலவும் தனி. அந்த 250 பவுண்டில் 50 பவுண்டு ஊரிலுள்ள குடும்பத்துக்கென்று முன்கூட்டியே பிரிக்கப்பட்டது. உதவித்தொகை என்பது மாணவர் ஒருவருக்கான பணம் மட்டுமன்று, அதை நம்பி ஒரு வீடும் இருக்கும் என்பதை அன்றே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். குடிபெயர்வுதான் கடினமாயிற்று. குளிர், போர்க்காலத் தட்டுப்பாடு, சைவ உணவு கிடைப்பதிலிருந்த சிரமம் ஆகியவற்றுக்கிடையே 1917இல் அவர் நோயுற்றார். 1919இல் நாடு திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று 32ஆம் வயதில் காலமானார். நிதி விண்ணப்பத்துக்குத் தரும் அதே கவனத்தை உணவுக்கும் உடல்நலத்துக்கும் தர வேண்டும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

இந்தியாவில் படிக்க: நுழைவுத்தேர்வுகள்

ஜாம்: ஐ.ஐ.டி.களிலும் வேறு சில நிறுவனங்களிலும் எம்.எஸ்சி. சேர்வதற்கான தேர்வு. இயற்பியல், வேதியியல், கணிதம், கணிதப் புள்ளியியல், உயிரித் தொழில்நுட்பம், புவியியல் (நிலவியல்), பொருளியல் என ஏழு பாடங்களில் நடைபெறுகிறது. விண்ணப்பம் பொதுவாக செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் தேர்வு பிப்ரவரியிலும் அமையும்.

க்யூட் பி.ஜி.: மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத்தேர்வு, 2022இல் தொடங்கியது. செஞ்சிக்கு அருகிலுள்ள மத்தியப் பல்கலைக்கழகமான புதுவைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை சேரவும் இது பயன்படுகிறது.

கேட்: பொறியியல் முதுகலைக்கான தேர்வு. மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதல் பெற்ற படிப்பில் இத்தேர்வின் வழியே சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும்.

நெட்: ஆண்டுக்கு இருமுறை நடைபெறுகிறது. இதில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றவருக்கு, 2023 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள விகிதப்படி, முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், முதுநிலை ஆய்வாளராக உயர்ந்த பின் 42,000 ரூபாயும் கிடைக்கும். கையில் காசில்லாத மாணவர் பி.எச்டி. வரை செல்வதற்கு இதைவிட உறுதியான வழி குறைவு.

தமிழ்நாட்டில் எம்.பி.ஏ., எம்.சி.ஏ. படிப்புகளுக்கு டான்செட் தேர்வை அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிறது.

சான்றிதழ்கள்

செஞ்சிப் பகுதி மாணவருக்கு மூன்று இடங்களில் சிக்கல் வருவதுண்டு.

முதலாவது, சாதிச் சான்றிதழ். தமிழ்நாடு அரசு வழங்கும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. அங்கே 27 விழுக்காட்டு ஒதுக்கீட்டைப் பெற, மத்திய அரசின் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இல்லை. ஆகவே முதலில் பட்டியலைப் பார்க்க வேண்டும். வளமான பிரிவினரைக் கணக்கிடும் 8 லட்சம் ரூபாய் வருமான வரம்பில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேர்க்கப்படுவதில்லை. இது தெரியாமல், தகுதியிருந்தும் பொதுப்பிரிவில் விண்ணப்பிப்பவர்கள் உண்டு. சேர்க்கை நடைபெறும் நிதியாண்டுக்குரிய சான்றிதழையே பெரும்பாலும் கேட்பார்கள் என்பதால், ஏப்ரல் பிறந்ததும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிப்பது நல்லது.

இரண்டாவது, பெயர். நம் வழக்கத்தில் தலைப்பெழுத்து முன்னே நிற்கும். கடவுச்சீட்டில் அது விரிந்து குடும்பப் பெயராகும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், கடவுச்சீட்டு, தேர்வு விண்ணப்பம் ஆகியவற்றில் பெயர் வேறுவேறாக இருந்தால், டோஃபல், ஜி.ஆர்.இ. போன்ற தேர்வு மையங்களின் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படலாம். எனவே கடவுச்சீட்டை முதலில் வாங்கி, அதிலுள்ளபடியே மற்ற விண்ணப்பங்களை நிரப்ப வேண்டும்.

மூன்றாவது, பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் தொகுப்புப் பட்டியல். விழுப்புரம் மாவட்டக் கல்லூரிகள் முன்பு வேலூரைத் தலைமையிடமாகக் கொண்ட திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்தன. 2021இல் அவை சிதம்பரத்திலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. ஆகவே அண்ணன் வேலூரிலும் தங்கை சிதம்பரத்திலும் விண்ணப்பிக்க நேரிடலாம். பட்டச் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் உள்ளதோ அதனிடமே கேட்க வேண்டும். முத்திரையிட்ட உறைகள் இரண்டு, மூன்று கூடுதலாக வாங்கி வைத்தால் மறுபடி அலைய வேண்டியதில்லை.

பரிந்துரைக் கடிதமும் நோக்கக் கட்டுரையும்

பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியருக்குக் குறைந்தது ஆறு வாரம் அவகாசம் தர வேண்டும். எந்தத் தாளில் என்ன மதிப்பெண், எந்தச் செயல்திட்டம், எந்தப் படிப்புக்கு விண்ணப்பம், கடைசித் தேதி எது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் அவரால் திட்டவட்டமாக எழுத முடியும். "நல்ல ஒழுக்கமுள்ள மாணவர்" என்ற பொதுவான வரி தேர்வுக்குழுவுக்கு எதையும் சொல்லாது.

நோக்கக் கட்டுரைக்கும் இது பொருந்தும். "சிறு வயது முதலே எனக்குப் பொருளியலில் ஆர்வம்" என்று தொடங்குவதை விட, செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் அறுவடைக் காலத்தில் நெல் விலை எப்படி மாறுகிறது என்ற கேள்வியை வைத்து, அதற்கு விடை காணத் தமக்கு எந்த முறை இன்னும் தெரியவில்லை என்று சொல்லும் மாணவர் தனித்துத் தெரிவார். சொந்த ஊர் ஒரு குறையன்று. பிறரிடம் இல்லாத தரவு அங்கே இருக்கிறது.

நிதி வழிகள்

பள்ளிக்கூடம் முதல் வந்த உதவிகள் எங்கே முடிகின்றன என்பதை முதலில் அறிய வேண்டும். அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் முதல் பட்டத்தோடு நின்றுவிடும், முதுகலைக்குத் தொடராது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை, பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், முதுகலைக்கும் ஆய்வுக்கும் உண்டு.

வெளிநாட்டுப் படிப்புக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை உள்ளது. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், மரபுக் கைவினைஞர் குடும்பத்தினர் விண்ணப்பிக்கலாம். குடும்ப வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள்ளும், வயது 35க்குள்ளும், தகுதித் தேர்வில் 60 விழுக்காட்டு மதிப்பெண்ணும் இருக்க வேண்டும். ஆனால் 2022ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு சார்ந்த தலைப்புகளை விலக்கின. செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் மராட்டியர் இராணுவ நிலவெளிகள் என்ற தொகுதியின் பகுதியாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அக்கோட்டையை ஆராய விரும்பும் உள்ளூர் மாணவர் இத்தகைய விலக்கு நடப்பு ஆண்டு அறிவிப்பில் உள்ளதா என்று பார்த்த பிறகே திட்டமிட வேண்டும். தமிழ்நாடு அரசும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகையை வழங்குகிறது.

பிற நாடுகளின் உதவித்தொகைகளுள் சிலவற்றுக்குப் பணி அனுபவம் தேவை. பிரிட்டனின் செவனிங் இரண்டு ஆண்டுகளும், அமெரிக்காவுக்கான ஃபுல்பிரைட்-நேரு முதுகலை உதவித்தொகை மூன்று ஆண்டுகளும் கேட்கின்றன. பட்டம் பெற்றவுடன் விண்ணப்பிக்கக்கூடியது ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ்; முழு உதவி பெறுபவருக்கு மாதம் 1,400 யூரோ கிடைக்கும். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆயினும் ஓராண்டு வாழ்க்கைச் செலவாக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் முன்னரே செலுத்துவதும், இந்திய மாணவர்கள் ஏ.பி.எஸ். சான்றிதழ் பெறுவதும் அவசியம். அமெரிக்காவில் பி.எச்டி. மாணவர்கள் பலருக்குக் கற்பித்தல் அல்லது ஆய்வு உதவியாளர் பணியின் வழியே கட்டணமும் உதவித்தொகையும் கிடைக்கின்றன. அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் ஏற்றுள்ள ஓர் உடன்பாட்டின்படி, நிதி வாய்ப்புக்கு ஏப்ரல் 15க்கு முன் பதில் சொல்லுமாறு மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. அதுவரை பிற முடிவுகளுக்காகக் காத்திருக்கலாம்.

கல்விக் கடன்

வங்கிகள் பொதுவாகப் பின்பற்றும் மாதிரித் திட்டத்தில் 7.5 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் சொத்துப் பிணை கேட்கப்படும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். எடுத்துக்காட்டாக, 20 லட்சம் ரூபாயை 10 விழுக்காட்டு வட்டியில் தொடக்கத்திலேயே பெற்றால், இரண்டாண்டுப் படிப்பும் ஓராண்டு அவகாசமும் முடியும்போது தனி வட்டியே 6 லட்சம் ஆகிவிடும். மொத்தம் 26 லட்சத்தைப் பத்தாண்டுகளில் அடைக்க மாதம் சுமார் 34,000 ரூபாய் கட்ட வேண்டும். பிணையாக வைக்கும் காணி தவிர வேறு சொத்து இல்லாத குடும்பம், கையெழுத்திடும் முன் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். வேலை ஓராண்டு தாமதமானால் தவணையை யார் கட்டுவது என்ற கேள்விக்கும் விடை வேண்டும்.

இந்தியாவில் தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்தர நிறுவனங்களில் சேர்பவர்கள் 2024இல் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில் பிணையின்றிக் கடன் பெறலாம். குடும்ப வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, வேறு அரசு உதவித்தொகையோ வட்டிச் சலுகையோ பெறாதவர்களுக்கு, 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனில் 3 விழுக்காடு வட்டிச் சலுகையும் உண்டு.

விசாவுக்குக் காட்டுவதற்காகக் கந்துவட்டிக்குப் பணம் வாங்கிச் சில நாள் கணக்கில் வைப்பதும், முகவர் தரும் போலி ஆவணத்தில் கையெழுத்திடுவதும் ஆபத்தானவை. பிரிட்டன் மாணவர் விசாவுக்குப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஏமாற்று ஆவணம் கண்டுபிடிக்கப்பட்டால் பத்தாண்டுத் தடை வரலாம். தடை முகவருக்கு வராது, மாணவருக்கே வரும்.

குடிபெயர்வு

உதவித்தொகையின் முதல் தவணை சேர்ந்த அன்றே வந்துவிடாது. அறை முன்பணம், உணவு, புத்தகம், பயணம் ஆகியவற்றுக்கு இரண்டு மாதச் செலவைத் தனியே வைத்துக்கொண்டு புறப்பட வேண்டும். உள்நாட்டில் படிப்பவர் விடுதிக்குச் சேர்க்கையோடு சேர்த்தே விண்ணப்பிக்க வேண்டும். வடமாநிலத்துக்குச் செல்பவர் திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ ரயிலேறிச் சென்னையில் மாற வேண்டியிருக்கும் என்பதால், சேர்க்கைத் தேதி தெரிந்தவுடன் பயணச்சீட்டு எடுப்பது நலம்.

வெளிநாடு செல்பவர் அசல் சான்றிதழ்களைக் கைப்பையிலும், நகல்களை வீட்டிலும் மின்னஞ்சலிலும் வைத்திருக்க வேண்டும். பல், கண் பரிசோதனையைப் புறப்படும் முன்பே முடித்துவிடலாம். பல நாடுகளில் இவ்விரண்டுக்கும் செலவு அதிகம். வழக்கமாக உண்ணும் மருந்துகளுக்கு ஆங்கிலத்தில் மருத்துவர் சீட்டு வேண்டும். சோறு, குழம்பு, ஒரு பொரியல் சமைக்கக் கற்றுக்கொள்வது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான ஆயத்தம். வீட்டுக்கு மாதம் எவ்வளவு அனுப்ப முடியும், எப்போது முடியாது என்பதைப் புறப்படும் முன்பே பெற்றோருடன் வெளிப்படையாகப் பேசிக்கொள்ள வேண்டும்.

கால அட்டவணை

இறுதியாண்டு ஜூன், ஜூலை: படிப்பையும் நிறுவனங்களையும் தேர்தல், கடவுச்சீட்டு விண்ணப்பம்.
ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை: கேட், ஜாம் விண்ணப்பம், பரிந்துரைக் கடிதம் கேட்டல், ஆங்கிலத் தகுதித் தேர்வு (மதிப்பெண் இரண்டு ஆண்டு செல்லும்).
நவம்பர் முதல் ஜனவரி வரை: வெளிநாட்டு விண்ணப்பங்கள், க்யூட் பி.ஜி. பதிவு.
பிப்ரவரி, மார்ச்: நுழைவுத்தேர்வுகள்.
ஏப்ரல், மே: புதிய நிதியாண்டுச் சான்றிதழ்கள், முடிவுகளை ஒப்பிடுதல், கடன் விண்ணப்பம்.
ஜூன் முதல் ஆகஸ்ட் வரை: விசா, விடுதி, பயணம்.

தேதிகளும் தொகைகளும் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் ஆண்டின் அதிகாரபூர்வ அறிவிப்பை மாணவர் தாமே முழுதும் படிக்க வேண்டும். புரியாத இடத்தை அடிக்கோடிட்டுக் கல்லூரி ஆசிரியரிடம் கேட்டுத் தெளியலாம்.